சிங்கப்பூரில் பேஸ் கிட்டார்: வாங்குவது, சீராக்குவது, வாசிப்பது, கை மாற்றுவது

நம் ஊரில் பேஸ் கிட்டார் ஓரிடத்தில் நிற்காது. தேசிய சேவைக்குப் போகிற தம்பி விற்பார், வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்புகிறவர் விற்பார், குழந்தை பிறந்து அறையில் இடம் போதாமல் போனவரும் விற்பார். இன்று நீங்கள் வாங்கும் கருவியை உங்களுக்கு முன் இரண்டு மூன்று பேர் வாசித்திருக்கலாம். இதை நான் குறையாக நினைப்பதில்லை. நல்ல கருவி நியாயமான விலைக்குக் கிடைக்க இதுவே வழி. அதைவிட முக்கியம், ஒவ்வொரு கைமாற்றத்திலும் இரண்டு பேஸ் வாசிப்பாளர்கள் அரை மணி நேரமாவது நேருக்கு நேர் உட்காருகிறார்கள். அந்த அரை மணியில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வளவோ போய்ச் சேரும். அதைப் பேரத்தில் மட்டும் கழித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

முதலில்: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

மாடலைப் பிறகு பார்க்கலாம். தேவாலய ஆராதனைக் குழுவா, சமூக மன்றத்தில் மெல்லிசைக் கச்சேரியா, நண்பர்களோடு ராக் இசையா, வீட்டுக்குள் பழக மட்டுமா? இதைத் தீர்மானித்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தது. 1957 முதல் அதில் இரண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னொலியாக மாற்றும் காந்தப் பகுதி) இருக்கிறது. இரைச்சல் குறைவு, கனமான, நடுவில் நிற்கும் ஒலி. பாடகருக்குப் பின்னால் அடித்தளமாக நிற்க இதைவிட எளிய கருவி இல்லை. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள், மெலிந்த நெக் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி). அதன் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் அமரும் துண்டு) அகலம் சுமார் 38 மி.மீ., பிரிசிஷனில் பெரும்பாலும் 41 முதல் 44 மி.மீ. வரை. சிறிய கை உள்ளவர்களுக்கு இந்தச் சில மில்லிமீட்டர் பெரிய வேறுபாடு. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் பேட்டரியால் இயங்கும் ஆக்டிவ் சுற்று உண்டு. ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். இன்று கிடைக்கும் பெரும்பாலான பேஸ்கள், யமஹா, ஐபனீஸ், ஸ்குவயர் எதுவானாலும், இந்த மூன்றில் ஒன்றின் வழியில் வந்தவைதாம்.

வழக்கமான கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. பதின்ம வயதினருக்கும் தோள்வலி உள்ளவர்களுக்கும் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். அது பிள்ளைகளுக்கான கருவி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான்கு கம்பியா, ஐந்து கம்பியா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நான்கு கம்பிகள், தடித்ததிலிருந்து, ஈ, ஏ, டி, ஜி. அடிக்கம்பி ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பியான பி சுமார் 31 ஹெர்ட்ஸ். தமிழ் மெல்லிசையில் ஆண் பாடகர்கள் பலர் ஒரு கட்டையிலும் ஒன்றரைக் கட்டையிலும் (பாடகரின் சுருதி அளவு, பின்னால் விளக்குகிறேன்) பாடுவதால், கீழே ஒரு ஆழமான ‘ஸா’ வேண்டும் என்றால் ஐந்து கம்பி உதவும். ஆனாலும் முதல் கருவி நான்கு கம்பியாக இருக்கட்டும். பயன்படாத கம்பியை அதிராமல் அடக்கி வைப்பதே தனிப் பயிற்சி. அதை முதல் ஆண்டிலேயே சுமக்க வேண்டாம்.

தேடுவதும் விலை பார்ப்பதும்

நகர மண்டபம் எம்ஆர்டி பக்கத்தில் பெனின்சுலா கடைத்தொகுதி நீண்ட காலமாகவே கிட்டார்க்காரர்களின் இடம். 1946-இல் தொடங்கிய சுவீ லீ போன்ற பெரிய கடைகளும் இருக்கின்றன. புதிது வாங்காவிட்டாலும் ஒரு மாலை கடைகளில் ஏறி இறங்கி, வேறு வேறு நெக்குகளைக் கையில் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகு பழைய பொருள் கைமாறும் கரோசெல் இணையத்தளத்தில் தேடினால் படத்தைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

விலையில் ஒரே விதி: விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், அதே மாடல் உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரத்தின் விலை சந்தை விலை ஆகாது. பிறகு அந்தக் கருவிக்கு நீங்கள் செய்ய வேண்டிய செலவை, அதாவது புதுக் கம்பி, செட்டப் (கருவியை வாசிக்க ஏற்றபடி சீராக்குவது), ஃபிரெட் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலை ஆகியவற்றை, அதிலிருந்து கழித்துப் பேசுங்கள். “அண்ணே, கம்பி துருப்பிடிச்சிருக்கு, செட்டப்பும் செய்யணும், அந்தச் செலவை மட்டும் குறைச்சுக்கலாமா?” என்று காரணத்தோடு கேட்டால் யாருக்கும் கோபம் வராது. காரணமே சொல்லாமல் பாதி விலைக்குக் கேட்பதுதான் மனதைப் புண்படுத்தும்.

நேரில் பார்க்கும்போது: நெக் முதலில்

பிக்கப்பை மாற்றலாம், பிரிட்ஜை (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மாற்றலாம், வண்ணத்தைக்கூட மாற்றலாம். முறுக்கிக்கொண்ட நெக்கைச் சரிசெய்வது அப்படி இல்லை. பல நேரங்களில் கருவியின் விலையைவிட வேலைக் கூலி அதிகமாகும். அதனால் நான் எப்போதும் ஒலியைக் கேட்பதற்கு முன்பே நெக்கைப் பார்ப்பேன்.

பாடியின் பக்கத்திலிருந்து தலைப்பகுதியை நோக்கி, ஒரு கண்ணை மூடி, ஃபிரெட் பலகையின் இரு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் பயமில்லை, நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராட்டைத் திருகித் திருத்தலாம். ஓர் ஓரம் நேராகவும் மற்றது வளைந்தும் இருந்தால் அது முறுக்கம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

அடுத்து வளைவின் அளவு. ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். அப்போது கம்பியே ஓர் அடிக்கோல் ஆகிவிடும். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுக்கு மேலே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் நன்று. கையில் அளவுகோல் இல்லையென்றால் சட்டைப்பையில் இருக்கும் ஈஸி-லிங்க் அட்டை போதும். அதன் தடிமன் ஏறக்குறைய 0.8 மி.மீ. கம்பியை அசைக்காமல் அது உள்ளே நுழைந்தால் நெக் அளவுக்கு மீறி முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃபிரெட்டுகளோடு ஒட்டிக் கிடந்தால் பின்பக்கம் வளைந்திருக்கிறது.

இரண்டு நிலையுமே டிரஸ் ராட் வேலை செய்தால் சரியாகும். அது வேலை செய்கிறதா என்பதே இங்கே பெரிய கேள்வி. நம் காற்றின் ஈரத்தில் அந்தத் தண்டின் முனையில் சாவி போட்டுத் திருகும் நட் துருப்பிடித்து இறுகிவிடும். முன்பு யாரோ தவறான சாவியைப் போட்டுத் திருகி உள்முனையை வழித்தும் வைத்திருக்கலாம். விற்பவரிடம் சாவியைக் கேளுங்கள். அவரே எட்டில் ஒரு பங்கு சுற்று திருகிக் காட்டட்டும். அவர் தயங்கினால் சந்தேகப்பட வேண்டியதில்லை, பலருக்கு அதைத் தொடப் பயம். ஆனால் அந்தத் தயக்கத்துக்குரிய தொகையை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

இனி ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் நிதானமாக வாசியுங்கள். வேகமாக ஓடினால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காது கொடுங்கள். ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட் வரையில் ஓரிடம் மட்டும் சட்டென்று அணைந்து போவது ஃபெண்டர் வகை நெக்குகளில் பொதுவாகக் காணப்படுவது. நெக்கின் இயல்பான அதிர்வு அந்த ஸ்வரத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் அது நேர்கிறது. முழுதாகப் போக்க முடியாது. இலேசாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வேறோர் இடத்தில் ஒரு ஃபிரெட்டில் மட்டும் ‘கிர்’ என்று உரசினால் அந்தப் பக்கத்து ஃபிரெட் எழும்பி நிற்கிறது என்று பொருள். அது ஃபிரெட் சமன் செய்யும் வேலை, கடையில் பணம் கேட்கும் வேலை.

மின்பகுதிக்கு வருவோம். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வந்தால் பெரும்பாலும் தூசி. காண்டாக்ட் கிளீனர் போதும். ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமைக் குறைத்தால் ‘ஹம்’ கேட்பதும், இரண்டையும் முழுதாகத் திறந்தால் அது மறைவதும் இயல்பு. இதைக் குறை என்று நினைத்து நல்ல கருவியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். பேட்டரி அறையில் பச்சை நிறத் துரு இருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது, உள்ளே இருக்கும் சுற்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

பெல்ட்டை மாட்டி நின்றபடி இரண்டு கையையும் விடுங்கள். தலைப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தால் ஒவ்வொரு கச்சேரியிலும் உங்கள் இடதுகை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். எடையையும் பாருங்கள். நான்கு கிலோ சுற்றி இருந்தால் சராசரி. ஐந்தை நெருங்கினால் மூன்று மணி நேரத் திருமண நிகழ்ச்சியில் தோள் சொல்லிவிடும்.

ஃபெண்டர் என்று எழுதியிருப்பதாலேயே அது ஃபெண்டர் ஆகிவிடாது. 2010 முதல் மெக்சிகோவில் செய்தவற்றின் வரிசை எண் எம்எக்ஸ் என்றும், அமெரிக்காவில் செய்தவை யுஎஸ் என்றும் தொடங்கி, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டைக் காட்டும். எண், தலைப்பகுதியின் வடிவம், திருகாணிகளின் தரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு, தயவுசெய்து உடனே பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். “நீங்க இதுல எப்படி வாசிப்பீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்” என்று விற்பவரிடம் கேளுங்கள். அந்தக் கருவியில் ஆண்டுக்கணக்கில் பழகியவர் எந்த இடத்தில் விரலை வைக்கிறார், டோன் குமிழை எவ்வளவு மூடி வைக்கிறார், எந்தக் கம்பி போடுகிறார் என்பதெல்லாம் எந்தப் பெட்டியிலும் அச்சிட்டு வராது. முடிந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்திப்பதற்குப் பதில் ஒரு மணி நேரத்துக்கு ஜாம்மிங் ஸ்டூடியோ எடுத்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். உண்மையான ஆம்ப்பில் (கருவியின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) உண்மையான ஒலியளவில் கேட்கலாம், பாடமும் நடக்கும்.

பணம், வரி, எல்லை

கருவியைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் விற்பவர் என்றால், பேநவ்வில் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாமல் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பணம் வந்ததைப் பார்த்த பிறகே கருவியைக் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. வாங்கியது சொன்னதற்கு மாறாக இருந்து, பேசியும் தீரவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் உரிமை கோரலாம். அதற்குச் சான்று வேண்டும். ஆகவே கருவியின் நிலை பற்றிய பேச்சை எழுத்துச் செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து பழைய பேஸ் வரவழைக்க ஆசைப்படுவோர் உண்டு. இசைக்கருவிகளுக்கு இங்கே சுங்கத் தீர்வை இல்லை. பொருள் சேவை வரி 9 விழுக்காடு உண்டு, அதுவும் அனுப்பும் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு. ஜோகூர் பாருவுக்குப் போய் புதிதாக வாங்கி வருவோர் கவனிக்க வேண்டியது: 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் வரி விலக்கு 100 வெள்ளிக்குத்தான், 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 வெள்ளிக்கு. வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. சோதனைச்சாவடியில் நீங்களாகவே அறிவித்துவிடுங்கள்.

ஆம்ப்

ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட். அங்கிருந்து வந்த ஆம்ப்பை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே சொருகினால் அந்த நொடியே போய்விடும். பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்த ஆம்ப்பையும் வாங்காதீர்கள்.

கிட்டார் ஆம்ப்பில் பேஸை இலேசாகப் பழகலாம். சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். தனி ஹெட் (ஒலியைப் பெருக்கும் பகுதி), தனி கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வைத்திருந்தால் ஓம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு 8 ஓம் கேபினெட்டுகளைச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். உங்கள் ஹெட் தாங்கும் மிகக் குறைந்த அளவு 4 ஓம் என்றால் அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் போடுவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும், கிட்டார் கேபிள் கூடாது.

உண்மையில் சமூக மன்ற மேடைக்கும் தேவாலயத்துக்கும் பெரிய ஆம்ப்பே வேண்டாம். அங்கே ஒலிபெருக்கி இருக்கிறது. ஒரு நல்ல டிஐ பாக்ஸ் (பேஸின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) பையில் இருந்தால் பேஸை நேரே மிக்ஸருக்கு அனுப்பிவிடலாம், பேருந்தில் போய்ப் பேருந்தில் வரலாம். முதலில் வாங்க வேண்டிய துணைக்கருவி எது என்று கேட்டால் டியூனர், அடுத்து டிஐ. மற்ற பெடல்கள் எல்லாம் பிறகு.

வீட்டிலேயே செட்டப்

இதை ஒவ்வொரு பேஸ் வாசிப்பாளரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் ஒன்றின் அளவு அடுத்ததை மாற்றும்.

முதலில் புதுக் கம்பி. பொதுவான தடிமன் .045 முதல் .105 அங்குலம் வரை. வழக்கமாக வாசிக்கும் சுருதியில் சேர்த்து அரை மணி விடுங்கள். பிறகு டிரஸ் ராட்: முன்பு சொன்ன அதே முறையில் இடைவெளியைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் வலஞ்சுழியாகத் திருகினால் நேராகும், குறைவாக இருந்தால் இடஞ்சுழி. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகியதும் மறுபடி சுருதி சேர்த்து, நெக் அமைய நேரம் கொடுத்துப் பாருங்கள். மரம் அவசரப்படாது. திருகவே முடியாமல் இறுகி நின்றால் பலம் காட்டாமல் கடைக்குக் கொண்டு போங்கள்.

அடுத்து கம்பி உயரம், நாம் ஆக்‌ஷன் என்று சொல்வது. பதினேழாவது ஃபிரெட்டில் ஈ கம்பியின் அடிப்புறத்துக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் சுமார் 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு சுமார் 2 மி.மீ. என்று தொடங்குங்கள். கனமாக அடித்து வாசிப்பவர் இதைவிட உயர்த்த வேண்டும்; மென்மையான விரல் என்றால் இறக்கலாம்.

கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் விரலைத் தொட்டெடுத்து வரும் ஹார்மானிக்கையும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) பின்னால் தள்ளிக் கம்பியை நீளமாக்குங்கள், இறங்கி இருந்தால் முன்னால் கொண்டு வாருங்கள். மேடையில் எல்லாக் கம்பியும் சுருதியாக இருந்தும் மேல் ஃபிரெட்டுகளில் மட்டும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஈரக் காற்றும் அடுக்குமாடி வீடும்

சிங்கப்பூரில் விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடும், காலையில் சன்னலைத் திறந்தால் ஈரம் திரும்பி வரும். நெக்குக்குப் பகை ஈரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான். குளிர்சாதனக் காற்று நேரே விழும் இடத்திலும், வெளிச்சுவரில் சாய்த்தும் கருவியை வைக்காதீர்கள். சில நாள் வாசிக்கப்போவதில்லை என்றால் உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் போடுங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் சிறப்பு, 60 வந்தாலும் கவலையில்லை. முக்கியம், ஒரே அளவில் நிற்பது.

வாசித்து முடித்ததும் கம்பிகளின் அடிப்புறத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை அதிகம் வரும் கையென்றால் பூச்சிட்ட கம்பிகள் விலை கூடினாலும் கட்டுப்படியாகும்.

வீவக வீட்டில் தாழ்ந்த ஒலி தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். உங்களுக்கு மெல்லியதாகக் கேட்பது அவர்கள் கூரையில் அதிரும். ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் நாற்காலியிலோ தடித்த ஸ்பாஞ்ச் மேலோ வையுங்கள். இரவும் அதிகாலையும் அமைதி காக்கும் நேரம். அப்போது ஹெட்ஃபோன் ஆம்ப்தான்.

வாசிப்பு: பரிமாற வேண்டியது இங்கேதான் அதிகம்

வலது கையிலிருந்து தொடங்கலாம். பலர் பலமாக அடித்தால்தான் பேஸ் கேட்கும் என்று நினைக்கிறார்கள். பலமாக அடித்தால் கம்பி ஃபிரெட்டில் மோதும், ஸ்வரத்தின் தொடக்கம் உடையும். விரலை மென்மையாக்கி ஆம்ப்பைக் கூட்டுங்கள். ஒலி உருண்டு வரும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி வரட்டும். ஆனால் அது சட்டமில்லை: அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே உலகத்துக்குப் பேஸ் கற்றுக்கொடுத்தார்.

இடது கையில் விரல் ஃபிரெட்டுக்கு மேலே விழாமல், அதை ஒட்டிப் பின்னால் விழ வேண்டும். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டி வைத்தால் மணிக்கட்டு நோகும். டபிள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டலின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முறை, அதாவது முதல் விரல், இரண்டாம் விரல், சுண்டு விரல் என்று மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் பிடிப்பது, இங்கே மிகவும் உதவும். வலி வந்தால் அன்று நிறுத்துங்கள். வலியைத் தாண்டி வாசிப்பது பயிற்சி ஆகாது.

தாளத்துக்கு நம்மிடம் இருக்கும் செல்வத்தை நாமே பயன்படுத்துவதில்லை. மெட்ரோனோமை வைத்துக்கொண்டு ஒரே ஸ்வரத்தை வாசித்தபடி வாயால் ‘தகிட’, ‘தகதிமி’, ‘தகதகிட’, ‘தகிடதகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம் நான்கும் விரலுக்கு வந்துவிடும். பிறகு மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அதன் ஒலி இரண்டாவது, நான்காவது அடிகளில் விழுவதாக எண்ணி வாசியுங்கள். சமத்தை (தாளத்தின் முதல் அடியை) உங்களுக்குக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள், நீங்களே தாங்க வேண்டும். அதுதானே மேடையில் பேஸின் வேலை.

மெல்லிசைக் குழுவில் பாடகர் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார். ஒரு கட்டை என்றால் சி, ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட். ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ. நான்கு எஃப், நான்கரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மூன்றரை இல்லை, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. இந்தக் கணக்கு ஆர்மோனியத்திலிருந்து வந்தது. ஒத்திகையில் “அண்ணே, இன்னிக்கு தொண்டை சரியில்ல, அரைக்கட்டை இறக்குங்க” என்று பாடகி சொன்னதும் நீங்கள் முழு வடிவத்தையும் ஒரு ஃபிரெட் கீழே நகர்த்த வேண்டும். ஆகவே பாட்டைத் திறந்த கம்பிகளை நம்பிக் கற்காமல், நகர்த்தக்கூடிய வடிவமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் இசையில் மட்டும் வரும் ஒரு சிக்கல். எந்தக் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்தாலும் ‘ஸா–பா’ என்று வாசிப்பது எல்லாருக்கும் முதலில் வரும் பழக்கம். மோகன ராகத்தில் அது அழகாக அமரும். ஹிந்தோளத்திலும் ஸ்ரீரஞ்சனியிலும் பஞ்சமமே கிடையாது. அங்கே அடித்தளத்தில் ‘பா’ விழுந்தால், இசையமைப்பாளரே அதைக் கோர்ட்டில் வைத்திருந்தால் ஒழிய, பாடுகிறவரின் காதை உறுத்தும். ‘ஸா–மா’ என்று போங்கள், அல்லது மேல் ஸட்ஜத்துக்குத் தாவுங்கள். ராக இலக்கணம் முழுதும் தெரிய வேண்டியதில்லை. பாட்டில் எந்த ஸ்வரம் இல்லை என்று பாடுகிறவரைக் கேட்டால் போதும், சொல்லிவிடுவார்.

தபலாவும் டோலக்கும் இருக்கும் குழுவில் இன்னொரு கவனம். தபலாவின் இடது கைக் குடத்திலிருந்து எழும் குமுக்கம் நம் ஒலிப்பரப்பிலேயே வந்து உட்காரும். இரண்டும் விடாமல் முழங்கினால் மேடையில் வெறும் மந்தமான இரைச்சல். ஒத்திகையில் தாளக்காரரின் பக்கத்தில் நில்லுங்கள், அவருடைய இடது கையைப் பாருங்கள். அவர் இழுத்து முழக்கும் இடத்தில் நீங்கள் ஸ்வரத்தைக் குறுக்குங்கள். அவர் விட்ட இடத்தில் நீளமாக நில்லுங்கள். ஆம்ப்பில் எந்தக் குமிழைத் திருகினாலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும்.

கேட்டுக் கற்க இளையராஜாவின் 1980-களின் பாடல்களைவிட நல்ல பள்ளி நமக்கு இல்லை. அங்கே பேஸ் இன்னொரு மெட்டாகவே ஓடும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பதில் சொல்லும். சென்னையின் கீத் பீட்டர்ஸ் ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் வாசித்திருப்பதைக் கேட்டால், எவ்வளவு வாசிக்காமல் விடலாம் என்பதும் புரியும். ஒரு பாட்டை எடுத்தால் முதலில் பேஸ் வரியை வாயால் பாடுங்கள். பாட வராத வரி விரலில் வந்தாலும் நிற்காது.

மாற்றுவதும் விற்பதும்

நேரடி டிரேட் செய்யும்போது இரு கருவிக்கும் தனித்தனியே விற்பனை விலை போட்டு, வித்தியாசத்தை வெள்ளியில் ஈடுகட்டுங்கள். “உன்னுடையதும் என்னுடையதும் சமம்தானே” என்று தோராயமாக முடித்தால் ஒருவர் மனதில் பின்னாளில் கசப்பு தங்கும். நம் வட்டம் சின்னது, அடுத்த மாதம் தேக்காவிலோ ஏதாவது ஒரு மேடையிலோ நேருக்கு நேர் நிற்க வேண்டியவர்கள்.

விற்கும்போது குறைகளை முதலில் சொல்லுங்கள், படத்திலும் காட்டுங்கள். விழுந்த தழும்பு, மாற்றிய பிக்கப், கரகரக்கும் குமிழ், எல்லாம். இப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்குபவர்கள் பேரம் பேசுவது குறைவு. பழைய கம்பியோடு கொடுப்பதென்றால் சுருதி சேர்த்தாவது கொடுங்கள். டிரஸ் ராட் சாவி, சேடில் சாவி, கழற்றி வைத்த அசல் பாகங்கள், வாங்கிய ரசீது இருந்தால் அதுவும் உறையில் போடுங்கள். கூடவே ஒரு தாளில் கம்பியின் தடிமன், கடைசியாகச் செட்டப் செய்த மாதம், கம்பி உயரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வாங்குபவர் புதியவர் என்றால் கம்பி மாற்றுவதை அங்கேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

புது வீட்டின் காற்றுக்கு நெக் பழகும் முதல் சில வாரங்களில் இலேசான உரசல் வரக்கூடும். அப்போது அவர் பதறிப்போய் அழைப்பார். எண்ணைத் தடுக்காமல் எடுத்து, முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்தச் சொல்லி, இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் கால் சுற்றில் தீர்ந்துவிடும்.